கசின் பிரதர்

உட்காருங்கள், கூப்பிடுகிறேன் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டாள், செண்பகராமனும் வந்து உட்கார்ந்துவிட்டான், ஆனால் உட்கார்ந்தது உடம்பு மட்டும்தான், மற்றதெல்லாம் இன்னும் மூன்றாம் எண் கவுண்டர் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்ன பதிலை அழித்து வேறு பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் கோளாறு கூப்பிட்டதிலேயே தொடங்கிவிட்டது. மிஸ்டர் ஆவுடையப்பன் என்று கூப்பிட்டாள். அது அப்பாவின் பெயர். அப்பா போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது, உயிரோடு இருந்தபோதே அந்தப் பெயரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அம்மா ரேஷன் கடையில்கூட அட்டையைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்பாள், இங்கே மஸ்கட்டில் ஒரு தூதரகத்தில் வெள்ளைக்காரி ஒருத்தி ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறாள். அவன் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான், ஐயோ நான்தான் என்று கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பெயர் கேட்டாள், சொன்னான். வேலை கேட்டாள், லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளர், பத்தொன்பது வருஷம் என்றான். எதற்குப் போகிறீர்கள் என்றாள், அண்ணனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை, வியாழக்கிழமை, பக்கத்தில் இருக்க வேறு ஆள் இல்லை என்றான். இதுவரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம்தான் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். உங்கள் பெயர் செண்பகராமன் ஆவுடையப்பன், உங்கள் சகோதரர் பெயர் கோமதிநாயகம் சங்கரலிங்கம், குடும்பப் பெயர் ஏன் வேறு வேறாக இருக்கிறது? அது குடும்பப் பெயர் இல்லை மேடம், அப்பா பெயர், எங்கள் பக்கம் அப்படித்தான். அப்படியானால் உங்கள் இருவருக்கும் அப்பா வேறா? ஆமாம் மேடம். சரி, ஒரே அம்மாவா?

இதைக் கேட்டதும் அவன் போட்ட சத்தத்தில் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நோ, நோ, நோ என்று மூன்று தடவை. கண்ணாடியில் அவன் எச்சில் தெறித்திருக்கும். பாவம், அவள் மேல் என்ன தப்பு, அவள் கணக்குக்கு அது சாதாரணக் கேள்வி, அப்பா வேறு என்றால் அம்மா ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எப்படிச் சகோதரன். ஆனால் அம்மா யார் என்று அவளுக்குத் தெரியுமா. அண்ணனைப் பெற்ற பெரியப்பாவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டாலே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளுகிற அம்மா, முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவரிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியிருக்க மாட்டாள், எல்லாம் பிள்ளைகள் வழியாகவோ சுவர் வழியாகவோதான், காப்பி ஆறுதுன்னு சொல்லு என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். கோவில்பட்டியில் எவனாவது இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் கன்னம் பழுத்திருக்கும். இங்கே கண்ணாடி இருக்கிறது. தவிர விசா வேண்டும். டிஃபரண்ட் மதர், டிஃபரண்ட் ஃபாதர் என்றான் மூச்சு வாங்க. அப்புறம் எப்படிச் சகோதரர் என்றாள். அப்போதுதான் அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்தது. கசின் பிரதர். அவள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கசினா, பிரதரா, ஏதாவது ஒன்று சொல்லுங்கள். அதில் இரண்டு இருப்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கம்பெனி வரைக்கும் நாம் எல்லோரும் சொல்லுகிற வார்த்தை, கசின் பிரதர், கசின் சிஸ்டர், இங்கிலீஷ்காரனுக்கே தெரியாத இங்கிலீஷ் என்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்கக் கூடாதா. கல்யாணப் பத்திரிகை, இரங்கல் அட்டை, முகநூல் எல்லாவற்றிலும் ஓடுகிற நாணயம் இந்த ஒரு ஜன்னலில் செல்லாது என்றால் யார் கண்டார்கள். உட்காருங்கள், கூப்பிடுகிறேன் என்றாள்.

கூடத்தில் ஏசி குளிர் முதுகுத்தண்டு வரைக்கும் இறங்கியது. படிவத்தின் கடைசிப் பக்கம் கண்ணுக்குள் வந்து நின்றது, சிறிய எழுத்து, தவறான தகவல் தந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், எதிர்காலத்திலும் நுழைவு மறுக்கப்படலாம், அதற்குக் கீழே அவனுடைய கையெழுத்து, சுழித்து, அழகாக, தப்பு செய்கிறவன் இவ்வளவு அழகாகப் போடுவானா. அப்படியானால் பொய் சொல்லியிருக்கிறேனா? உறவுமுறை என்ற கட்டத்தில் பிரதர் என்று எழுதும்போது கை ஒரு நொடிகூட நிற்கவில்லையே. நிற்காதது நல்லதா கெட்டதா. நின்றிருந்தால் யோசித்திருப்பான், யோசித்திருந்தால் கசின் என்று எழுதியிருப்பானா, எழுதியிருக்க மாட்டான், இது என்ன கேள்வி, பெரியப்பா மகன் அண்ணன் இல்லாமல் பிறகு யார். ஆனால் அவளுக்கு அது பொய். அவள் மறுத்துவிட்டால் அப்புறம் என்ன. இன்றைக்குத் திங்கள். நாளை ராத்திரி விமானம். வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணனைத் தள்ளிக்கொண்டு போவார்கள், ஐரோப்பாவின் ஒரு குளிர் தேசத்தில், அவன் இருபத்திரண்டு வருஷமாகப் பம்பு கம்பெனியில் வேலை பார்த்தும் பனிக்காலத்தைத் திட்டுவதை இன்னும் நிறுத்தாத ஊரில், மதினி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம், பிள்ளைகள் இல்லை, கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக. அந்த நாற்காலிதான் செண்பகராமனுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. வெள்ளிக்கிழமை போனில் அண்ணன் சாதாரணமாகத்தான் பேசினான், ஏல செம்பகம், மூணு அடைப்பாம்டே, நெஞ்சைத் தெறந்து சரி பண்ணிருவாங்களாம், நம்ம பைக்குக்கு கார்பரேட்டர் சுத்தம் பண்ணுத மாதிரி, என்று சிரித்தான். சிரித்துவிட்டு, நீ வந்தா நல்லாருக்கும் என்றான். வா என்று சொல்லவில்லை. அவன் வாழ்க்கையில் யாரையும் வா என்று கேட்டதில்லை, நல்லாருக்கும் என்பதுதான் அவன் அகராதியில் காலைப் பிடித்துக் கெஞ்சுவது. அது இந்த உலகத்தில் அவனைத் தவிர ஒருத்தனுக்குத்தான் தெரியும், அந்த ஒருத்தன் கசினா பிரதரா என்று சொல்லத் தெரியாமல் டோக்கனைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிறவர்கள் எல்லாப் பொத்தானையும் மாற்றி மாற்றி அமுக்குவார்கள். ஒன்றையும் தொடாதீர்கள், சும்மா நில்லுங்கள் என்று இவன் வெளியிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை கத்தியிருக்கிறான். இப்போது உள்ளே மாட்டியிருப்பது இவன். எல்லாப் பொத்தானையும்தான் அமுக்கிக்கொண்டிருந்தான்.

கசின் என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அவ்வளவுதானே, ஓர் இங்கிலீஷ் வார்த்தை. ஆனால் அதைத் தமிழில் போட்டுப் பார்த்தால் பெரியப்பா மகன் என்று வருகிறது, அங்கேதான் வார்த்தை மாட்டிக்கொள்ளுகிறது. அப்பாவும் பெரியப்பாவும் அடுக்களைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதில் சண்டை போட்டு வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினார்களே, அந்தச் சுவர் நின்ற இரண்டு வருஷமும் அப்பா அந்த வார்த்தையைத்தான் சொன்னார். அதற்கு முந்தின நாள் வரைக்கும் அண்ணன் எங்கே, அண்ணன் சாப்பிட்டானா என்று கேட்டவர், சுவர் எழும்பிய அன்றைக்கு ராத்திரியே உன் பெரியப்பா மகன் என்ன சொல்லுதான் என்றார். ஒரு சுவர் செங்கல்லால் என்றால் மற்றொன்று இந்த வார்த்தையால். செங்கல் சுவரைப் பின்னால் இடித்துவிட்டார்கள். மற்றதை இடித்தது அண்ணன். அப்பா செத்தபோது முப்பது மணி நேரம் பயணம் செய்து அண்ணன் வந்தான். யாரையும் கேட்கவில்லை, நாவிதருக்கு முன்னால் போய் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். நீங்க யாருங்கய்யா, மொறை என்ன என்று அவர் தயங்கினார். மகன், மூத்தவன், செரைங்க என்று அண்ணன் சொன்னான். அந்தக் குளிர் தேசத்து அலுவலகத்துக்கு மொட்டைத்தலையோடு திரும்பிப் போனான், அங்கே அவனுக்கு என்னமோ வியாதி என்று நினைத்து ஒருவன் பூங்கொத்து வாங்கிக் கொடுத்தானாம். பூங்கொத்தை வாங்கி வைத்துக்கொண்டு என்ன சொல்லுவது என்று தெரியாமல் தேங்க்ஸ் சொல்லிட்டேன்டே என்றான். அப்படிப்பட்டவனை நான் ஒரு ஜன்னலுக்கு முன்னால் நின்று பெரியப்பா மகன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் தனியாகப் போய்ப் படுக்க வேண்டும். செண்பகராமனுக்கு அழுகை வரும்போல இருந்தது, தூதரகத்தில் அழுதால் சந்தேகப்படுவார்களோ என்று அதையும் அடக்கிக்கொண்டான்.

"எந்தா சேட்டா, ரிஜெக்ட் ஆயோ?" என்று பக்கத்து நாற்காலி மலையாளி கேட்டார். குரியாக்கோஸ் என்று பெயர், காலையில் வரிசையில் நிற்கும்போதே அறிமுகம் செய்துகொண்டவர், மகளைப் பார்க்கப் போகிறார். கேட்கிற கேள்வியைப் பார், வாயில் நல்ல வார்த்தையே வராதா மனுஷனுக்கு. இல்லை, உறவுமுறையில் ஒரு குழப்பம் என்று இவன் சொன்னான். அவர் சிரித்தார். "கசின்னு மட்டும் சொன்னா மதி, அது போதும் சேட்டா. நம்ம ஊர் கணக்கு இவங்களுக்கு மனசிலாவாது. ஞான் போன தடவை எளேப்பனை, அதான் சித்தப்பாவை, அங்கிள்னு எழுதி, இந்த அங்கிள் அம்மா வழியா அப்பா வழியான்னு அர மணிக்கூர் கேட்டாங்க." இதில் இவனுக்கு ஏனோ பெரிய ஆறுதல் கிடைத்தது, ஊர் ஊராக நம் ஆட்கள் இந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சித்தப்பா மாமா அத்தை எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள், நான் மட்டும் இல்லை. ஆறுதல் முழுசாக ஆகும் முன்பே மிஸ்டர் ஆவுடையப்பன் என்று மறுபடியும் கூப்பிட்டுவிட்டாள், இந்தத் தடவை அப்பா பெயருக்கு அவன் உடனே எழுந்தான்.

அவள் படிவத்தைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். குரல் கடுமையாக இல்லை. சகோதரர் என்று இருந்தால் ஒரே பெற்றோர் என்பதற்குச் சான்று கேட்க வேண்டும், என்னிடம் அது இல்லாமல் கையெழுத்துப் போட முடியாது, கசின் என்றால் மருத்துவமனைக் கடிதமும் அவருடைய அழைப்புக் கடிதமும் போதும், அந்த வார்த்தையை அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். பேனா ஒரு சங்கிலியில் கட்டியிருந்தது. சங்கிலி அந்தக் கட்டம் வரைக்கும் சரியாக எட்டவில்லை, காகிதத்தை இழுத்துச் சாய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பி, ஆர், ஓ என்று அவனுடைய கையெழுத்தே அவனைப் பார்த்தது. அவள் காத்திருக்கிறாள். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். அண்ணே, மன்னிச்சுக்கோ. மன்னிப்பு எதற்கு, இது ஒரு காகிதம், காகிதம் என்றால் அப்பாவுக்கும் அந்த வார்த்தை வெறும் வார்த்தைதானே, இல்லை, அப்பா வெட்டுவதற்குச் சொன்னார், நான் போய்ச் சேருவதற்கு எழுதுகிறேன், அதே வார்த்தைதான், ஆனால் போகிற திசை வேறு, என்னவோ தத்துவம் பேசிக்கொண்டிருக்கிறேன், சீக்கிரம் எழுது முட்டாளே. கோடு போட்டான். ஒரு கோடுதான், லேசாக, கீழே இருக்கிற எழுத்து தெரிகிற மாதிரி. பக்கத்தில் கசின் என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டான், இந்தத் தடவை சுழிப்பு வரவில்லை. அவள் வாங்கிப் பார்த்தாள். "அவருடைய கடிதத்தையும் படித்தேன். அதில் அவரும் மூன்று இடத்தில் 'என் சகோதரன்' என்றுதான் எழுதியிருக்கிறார்" என்றாள். செண்பகராமனுக்குப் பகீரென்றது, அதையும் அடிக்கச் சொல்லப் போகிறாளா, அதை அடிக்க எனக்கு உரிமை இல்லையே. அவள் கடிதத்தைக் கோப்பில் வைத்தாள். "அது அவருடைய கடிதம், இருக்கட்டும். உட்காருங்கள்" என்றாள்.

மறுபடியும் உட்கார்ந்தான். இருபது நிமிஷம் இருக்கும், அவன் கணக்கில் இரண்டு மணி நேரம். அப்புறம் பாஸ்போர்ட் வந்தது, சாதாரணமாக, ஹோட்டலில் சில்லறை தள்ளுகிற மாதிரி கண்ணாடிக்கு அடியில் வந்தது, ஒரு மணி அடிக்கவில்லை. பக்கத்தைப் புரட்டினால் இருக்கிறது. பச்சையும் ஊதாவுமாக ஒட்டியிருக்கிறது, அவனுடைய போட்டோ, திருட்டு முழி, இருக்கட்டும், தேதி சரி, நாள் கணக்கு முப்பது, பெயர் சரி, அப்பா பெயர் சரி. மூன்று தடவை படித்தான். நான்காவது தடவை எழுத்து கலங்கியது. மேடம் தேங்க்யூ என்று சொல்ல நினைத்து மேடம் வரைக்கும்தான் வந்தது. அவள் தலையை ஆட்டினாள், வியாழக்கிழமை நல்லபடியாக நடக்கட்டும் என்றாள், இவன் மனசுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள். குரியாக்கோஸ் தூரத்திலிருந்தே முகத்தைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார், போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான், இரண்டு கையாலும், முன்பின் தெரியாத மனுஷன், விட்டால் முத்தம் கொடுத்திருப்பான். வெளிக்கதவைப் பார்த்து ஏழெட்டு அடி நடந்தபிறகு திரும்பவும் நின்று பக்கத்தைத் திறந்து பார்த்தான். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பசி எடுத்தது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, தோசை, கெட்டிச் சட்னி, எங்கேயாவது, இரண்டு, மூன்று. அப்புறம் கம்பளிச் சட்டை வாங்க வேண்டும். அண்ணனுக்கு மிக்சர் வாங்கலாமா, நெஞ்சைத் திறக்கப் போகிறவனுக்கு மிக்சரா, புத்தி எங்கே போகிறது பார், போகட்டும், இன்றைக்கு அது எங்கே வேண்டுமானாலும் போகட்டும்.

வாசல் காவலாளியிடம் பில்லையைக் கொடுத்து, காலையில் ஒப்படைத்திருந்த போனைத் திரும்ப வாங்கினான். வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது, அந்தக் குளிருக்கு அது சுகமாக இருந்தது, மதில் ஓரமாக நின்று கூப்பிட்டான். அங்கே காலை பத்து மணி இருக்கும். ஒரே மணியில் எடுத்தான் அண்ணன், போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறான். "கெடைச்சிருச்சுண்ணே." போனை மற்றக் காதுக்கு மாற்றினான். "ஏண்ணே, கேக்கா?" "கேக்கு" என்றான் அண்ணன், அப்புறம் ஒரு பெரிய மூச்சு. "எப்ப வார?" "புதன்கெழமை காலைல பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில நிப்பேன்." "பத்துன்னா பத்தா?" "பத்துன்னா பத்துண்ணே." "சரி. சரிடே. நாலு நாளாக் கண்ணு மூடல பாத்துக்க, மாத்திரை குடுக்காங்க, அதுக்கும் வரல, நீ வருவியா வர மாட்டியான்னே ஓடிட்டு கெடந்துச்சு." இப்படி அண்ணன் பேசி அவன் கேட்டதில்லை. சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும், நேரில் போய் முகத்தைப் பார்த்தால் வராது என்று செண்பகராமன் மதிலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "அண்ணே, ஒண்ணு சொல்லணும். படிவத்துல பிரதர்னு எழுதியிருந்தேன்லா, அதை அடிக்கச் சொல்லிட்டாங்க. நான் அடிச்சிட்டேன். கசின்னு எழுதிட்டேன். பெரியப்பா மகன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்ணே. வேற வழி தெரியல. நீ ஒண்ணும் நெனைக்காத. ஏண்ணே? அப்பா சொன்ன மாதிரி இல்லண்ணே. உன் பக்கத்துல வந்து இருக்கணும்னுதான்." பதில் இல்லை. வருத்தப்பட்டுவிட்டான். எதற்குச் சொன்னேன், யார் கேட்டார்கள், அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறவனிடம் இதைப் போய், வாயை மூடிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கக் கூடாதா. "அண்ணே, கோவமா? ஏதாவது சொல்லுண்ணே" என்றான், போனைக் காதோடு அழுத்தினான். அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகிறான் என்றுதான் நினைத்தான். மறுபடியும் வந்தது, இழுத்து, விட்டு, கொஞ்சம் நின்று, மறுபடியும் இழுத்து. குறட்டை. நாலு நாளாக் கண்ணு மூடல என்று சொல்லி முடித்த இடத்திலேயே அண்ணன் தூங்கிப்போயிருக்கிறான், இவன் சொன்னதில் ஒரு வார்த்தை அவன் காதில் விழுந்திருக்காது. செண்பகராமனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது, துடைக்கவில்லை. டாக்சிக்காரன் ஒருவன் மெதுவாக ஓட்டி வந்து வருகிறாயா என்று கையால் கேட்டான், இவன் இல்லை என்று கையை ஆட்டினான். போனைக் காதில் வைத்தபடியே, மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுக்கொண்டு, அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.